இரண்டாம் தட்டு, ஏழாவது புத்தகம்

ஒரு கடையையே ஒழுங்குபடுத்திய பெருமை எனக்கு உண்டு. ஒன்பது வயதில், ஒரே நாளில், யாருடைய உதவியும் இல்லாமல் அதைச் செய்தேன். அதன் பிறகு பல வருஷங்கள் கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே போனாலும் அந்தக் கதையை எடுத்துவிடுவேன். யாரும் என் வாயை அடைக்கவில்லை. அடைத்திருக்க வேண்டியவள் பெரியம்மா. அவளோ பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள்.

பெரியம்மா, அம்மாவின் அக்கா, ரங்கூனை ஒட்டிய தாகேதாவில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தாள். வீட்டின் முன்னறைதான் கடை. மூன்று சுவர்களிலும் பலகைத் தட்டுகள், அவற்றில் முந்நூற்றுச் சொச்சம் பர்மிய நாவல்கள். அப்போதெல்லாம் ரங்கூனில் தெருவுக்குத் தெரு இப்படி ஒரு கடை இருக்கும். கடையைத் தொடங்கியவர் பெரியப்பா. புதுப் புத்தகம் வந்தால் கெட்டி அட்டை வைத்துத் தைத்து, மேலே பழுப்புக் காகிதம் சுற்றி, முதுகில் மட்டும் பேரை மையால் எழுதுவார். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அவருக்குப் பிறகு வந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டுப் பேர் எழுதும் வேலையைப் பக்கத்துத் தெரு பைண்டர் பார்த்துக்கொண்டார். ஆக மொத்தம் முந்நூறும் ஒரே நிறம்.

பெரியம்மாவுக்குப் பர்மிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பேச்சில் அவளை யாரும் அசைக்க முடியாது, சந்தையில் மீன்காரியையே திணறடிப்பாள். ஆனால் கியாக்தான் பக்கத்து வயல்வெளியில் பிறந்தவள், கோயில் வாத்தியாரிடம் தமிழ் மட்டும் ஐந்து வருஷம் படித்தவள். பெரியப்பா ஒருவருக்குத்தான் இது தெரியும் என்று அவள் நம்பியிருந்தாள். எனக்குத் தெரியாது. புத்தகக் கடை நடத்துகிறவளுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கும் என்று எந்தக் குழந்தைக்குத்தான் தோன்றும்?

அவள் கடை நடத்திய விதம் இதுதான். பெரியப்பா இருந்தவரை சாயங்காலங்களில் ஒவ்வொரு நாவலையும் அவளுக்கு வாசித்துக் காட்டினார். அவர் போன பிறகு, புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் கதையைக் கேட்டுக்கொண்டாள். புதுப் புத்தகம் வந்தால் முதலில் பஸ் கண்டக்டர் பெண்சாதிக்குக் கொடுப்பாள். அந்த அம்மாள் கதையை ஒரு வரி விடாமல் அழுதுகொண்டே சொல்லிவிடுவாள். பெரியம்மா கேட்ட கதையை நீள நோட்டுப் புத்தகம் ஒன்றில் தமிழில் எழுதுவாள். பேர் எழுதமாட்டாள், இடம் எழுதுவாள். இரண்டாம் தட்டு, ஏழாவது: இன்ன கதை. மூன்றாம் தட்டு, பதினொன்று: இன்ன கதை. ஒரு புத்தகம் வெளியே போனால் அந்த இடத்தில் மருந்துப் பெட்டி அட்டை ஒன்றைச் செருகி, எடுத்துப்போனவர் பேரை அதில் எழுதிவைப்பாள். புத்தகம் திரும்பி வந்ததும் அட்டையை உருவிவிட்டு அதே இடத்தில் வைப்பாள். அதனால் எந்தப் புத்தகமும் இடம் மாறியதில்லை.

அவளிடம் யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை. 'மனசு சரியில்லை, சிரிக்கிற மாதிரி ஒன்று கொடு' என்பார்கள். 'மாமியார் கடைசியில் திருந்துகிற கதை வேண்டும்' என்பார்கள். பெரியம்மா நோட்டைப் புரட்டி, தட்டில் விரல் வைத்து எண்ணி, உருவிக் கொடுப்பாள். கேட்டதையெல்லாம் கொடுத்துவிடவும் மாட்டாள். கல்யாணம் நின்றுபோன பெண்ணொருத்தி காதல் கதை கேட்டபோது, "இது உனக்கு இப்ப வேணாம்மா" என்று பர்மியத்தில் சொல்லி, பேய்க்கதை ஒன்றைக் கையில் திணித்தாள். எனக்கு மட்டும் தடையே இல்லை. எந்தத் தட்டிலும் கை வைக்கலாம், எதையும் படிக்கலாம். என் பர்மியப் படிப்புக்குக் கிடைத்த மரியாதை அது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் நகரத்து நடுவே, லத்தாவில் நான்காம் மாடியில் இருந்தோம். கோடை விடுமுறை வந்தால் அம்மா என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அந்த வருஷம் நான் வகுப்பில் முதலாவதாக வந்திருந்தேன். பர்மிய அகராதியில் எந்தச் சொல்லையும் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துக்காட்டி, டீச்சரிடம் ஒரு பென்சில் பெட்டி பரிசு வாங்கியிருந்தேன். உலகத்தில் எதை எடுத்தாலும் அதை எழுத்து வரிசையில் அடுக்கிவிட்டால் தீர்ந்தது என்று எனக்கு அப்போது ஒரு கொள்கை. பெரியம்மாவின் கடையைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. தலையும் இல்லை, வாலும் இல்லை. 'க'வில் தொடங்கும் புத்தகம் கதவோரம், அதன் தம்பி ஜன்னலோரம்.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் கியாக்தானில் ஒரு சாவு. பெரியம்மா துக்கம் விசாரிக்கக் கிளம்பினாள். திருவிழாவில் நாலு நாள் நனைந்ததில் எனக்குச் சளியும் காய்ச்சலும். "காலைல போயிட்டுச் சாயந்தரம் வந்துர்றேன். கடையத் தொறக்காத. தோ மியா வந்து பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தோ மியா எதிர்வீட்டு அம்மாள். பெரியம்மாவைவிட மூத்தவர், தனியாக இருந்தார். ஒரே மகன் கப்பல் வேலைக்குப் போனவன். ஒன்றரை வருஷமாகக் கடிதம் இல்லை. கப்பல் கம்பெனிக்குப் போனால் விசாரிக்கிறோம் என்பார்கள், அவ்வளவுதான். தோ மியா வாரத்துக்கு மூன்று நாவல் படிப்பார். படிக்காவிட்டால் சாயங்காலம் நகராது என்று அவரே சொல்வார். அன்று மத்தியானம் எனக்குக் கஞ்சி கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் நாற்காலியைத் தட்டோரம் இழுத்துப் போட்டேன்.

முந்நூறு புத்தகங்களையும் தரையில் இறக்கினேன். பள்ளிக்கூடத்தில் பாடுவதுபோல் எழுத்துகளைப் பாடிக்கொண்டே பிரித்தேன். இடைவெளிகளில் நின்ற மருந்துப் பெட்டி அட்டைகள் வழியை மறித்தன. எல்லாவற்றையும் உருவி ஒரே கட்டாக ரப்பர் வளையம் போட்டு வைத்தேன். அவற்றில் இருந்த தமிழ் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. வீட்டில் தமிழ் பேசினோம், அவ்வளவுதான். நீள நோட்டைக்கூட நான் மளிகைக் கணக்கு என்றே நினைத்திருந்தேன். தட்டுகளின் விளிம்பில் எழுத்துகளை வெட்டி ஒட்டினேன். பசைக்குக் கஞ்சியின் மிச்சம் இருந்தது. ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. காய்ச்சல்கூட விட்டிருந்தது.

பெரியம்மா வந்து செருப்பைக் கழற்றியவள் அப்படியே வாசலில் நின்றாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து ஒவ்வொரு தட்டாகக் காட்டினேன். இனிமேல் யார் வேண்டுமானாலும் வந்து எந்தப் புத்தகத்தையும் உடனே எடுத்துவிடலாம் என்று விளக்கினேன். அவள் இரண்டாம் தட்டில் விரல் வைத்தாள். ஏழு வரை எண்ணினாள். அந்தப் புத்தகத்தை உருவி, முதுகைப் பார்த்து, திரும்ப வைத்தாள்.

"அட்டையெல்லாம் எங்கடி?"

கட்டைக் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து, ரப்பர் வளையத்தைக் கழற்றி, அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு என் தலையைத் தடவி, "அழகா இருக்கு" என்றாள். சாவு வீட்டுக்குப் போய்வந்த அலுப்பு என்று நினைத்தேன். குளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை தோ மியா புத்தகம் வாங்க வந்தார். பெரியம்மா நோட்டைத் திறந்தாள், மூடினாள். தட்டுகள் முன்னால் போய் நின்றாள். நான் இருந்தேன், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முந்நூறு பேரையும் கடகடவென்று வாசித்திருப்பேன். அவள் கேட்கவில்லை. தங்கச்சி மகளிடம், அதுவும் ஒன்பது வயதுப் பெண்ணிடம், எனக்குப் படிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வாள்? கனம் பார்த்து, ஓரம் தடவி, கடைசியில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அதற்கு அடுத்த நாள் கடை திறக்கும் முன்பே தோ மியா வந்துவிட்டார். முகத்தில் வழக்கமாகப் பூசும் தனக்கா மரப்பட்டைச் சாந்து இல்லை, கண் வீங்கியிருந்தது. புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். படகு கவிழ்ந்து மகன் சாகிற கதை. தாய்க்குத் தந்தி வருகிற இடம்வரை படித்ததாகவும், அதற்கு மேல் முடியவில்லை என்றும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரியம்மா அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். பெரியவர்கள் அழுதால் எனக்குப் பயம். பேச்சை மாற்றலாம் என்று, கடையை நான்தான் அடுக்கினேன், முன்னே எல்லாம் தாறுமாறாகக் கிடந்தது, இப்போது எழுத்து வரிசையில் இருக்கிறது என்று தோ மியாவிடம் பர்மியத்தில் ஒப்பித்தேன். அவர் என்னைப் பார்த்தார். தட்டில் ஒட்டியிருந்த எழுத்துகளைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவையும், அவள் காலடியில் கிடந்த தமிழ் நோட்டையும் வெகுநேரம் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது எனக்கு வேடிக்கையாகப்பட்டது. முக்காலியை இழுத்துப் போட்டு முதல் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். முதல் புத்தகத்தை எடுத்து அதன் பேரைச் சத்தமாக வாசித்தார். "இது அக்கா தங்கச்சி ரெண்டு பேரு ஒருத்தனையே நெனைக்கிறாங்களே, அந்தக் கதை. கடைசியில அக்கா விட்டுக்குடுத்துர்றா" என்று காற்றோடு பேசுகிற மாதிரிச் சொன்னார். இரண்டாவதை எடுத்தார். பேரை வாசித்தார், கதையைச் சொன்னார். நினைவில்லாததை நாலு பக்கம் புரட்டிப் பார்த்துச் சொன்னார். பெரியம்மாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் புதுப் பக்கம் திறந்து எழுத ஆரம்பித்தாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் இது நடந்தது. பிறகு கண்டக்டர் பெண்சாதியும் சேர்ந்துகொண்டாள். வருகிறவர்கள் எல்லாரும் திடீரென்று புத்தகத்தின் பேரைச் சத்தமாக வாசித்து எடுத்தார்கள், திருப்பிக் கொடுக்கும்போது கதையை முழுசாகச் சொன்னார்கள். தாகேதா ஜனங்களுக்கு வாய்க்குள் படிக்கத் தெரியாது போலிருக்கிறது, பெரியவர்களாகியும் முதல் வகுப்புப் பிள்ளைகள் மாதிரிக் கத்துகிறார்களே என்று எனக்கு எரிச்சல். ஒருமுறை தோ மியாவிடமே, மனத்துக்குள் வாசிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் போனேன். அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார், அடுத்த புத்தகத்தின் பேரை இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசித்தார்.

என் வரிசையை யாரும் கலைக்கவில்லை. எழுத்துகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழையபடி அடுக்கியிருக்கலாம். பெரியம்மா அப்படிச் செய்யவில்லை. கஞ்சிப் பசை காய்ந்து விழுந்தபோது, எழுத்து எந்தப் பக்கம் மேலே என்று என்னிடமே கேட்டு ஒட்டவைத்தாள். கடைசியில் என் வழிதான் சரி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியோடுதான் லத்தாவுக்குத் திரும்பினேன்.

தமிழ் எழுத்து எனக்குப் பதினேழு வயதில்தான் வந்தது, கோயில் மண்டபத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். அந்த நீள நோட்டு என் கைக்கு வந்தது அதற்கும் வெகுநாள் கழித்து, பெரியம்மா போன பிறகு. கடை அதற்கு முன்பே மூடிவிட்டது. தோ மியாவும் இல்லை. அவர் மகனிடமிருந்து கடிதம் வரவே இல்லை.

நோட்டின் முன்பாதி முழுக்க ஒரே கோடாக அடித்திருந்தது. 'இரண்டாம் தட்டு, ஏழு: தோ மியாவுக்கு நல்லது. பிள்ளை திரும்பி வருகிறான்' என்ற வரிமேலும் அந்தக் கோடு போயிருந்தது. பின்பாதியில் என் எழுத்து வரிசைப்படி எல்லாம் புதிதாக எழுதியிருந்தது. கடைசிப் பக்கங்களில் புத்தகங்கள் இல்லை, ஆட்கள் இருந்தார்கள். 'தோ மியா: கடல், கப்பல், பிள்ளை சாவு கூடாது.' 'கண்டக்டர் பெண்சாதி: எதற்கும் அழும். கொடுக்கலாம்.' கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்கு எதிரே 'காதல் கூடாது' என்று எழுதி, பிற்பாடு வேறு மையில் அடித்து, 'இப்போது கொடுக்கலாம்' என்றிருந்தது. தெருவில் இருந்த ஒவ்வொருவரும் தங்கள் வலியின்படி அங்கே அடுக்கப்பட்டிருந்தார்கள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் நான் இருந்தேன்.

'தங்கச்சி மகள்: எதையும் கொடுக்கலாம். இவளுக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.'