எண்ணெய் கழுவிய கம்ப்ரசர்

எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறை ஒன்றில் நான் கிளேஸ் அடிக்கிறவன். சூளையில் ஒரு தடவை சுட்டெடுத்த பொருளைப் பிஸ்கட் என்போம். அதன்மேல் காற்றுத் துப்பாக்கியால் பூச்சைப் பீய்ச்சி மறுபடி சுட்டால் பளபளப்பு வரும். அந்தக் காற்றில் துளி எண்ணெய் கலந்தாலும் போச்சு, பூச்சு அந்த இடத்தைவிட்டு விலகி மொட்டைத் திட்டாக நிற்கும். அதனால் காலையில் வேலை தொடங்கும்முன் உடைந்த பிஸ்கட் ஓடு ஒன்றைக் காற்றுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்போம். ஓடு வெள்ளையாகவே இருந்தால் வேலை. புள்ளி விழுந்தால் கம்ப்ரசரைப் பிரிக்க வேண்டியதுதான். எனக்கு இது இருபது வருடப் பழக்கம்.

என் தங்கை மாட்டு டாக்டர். பெண்ணாடம் பக்கம் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் வீடுகளுக்குப் பழைய ஜீப்பில் போய்வருவாள். மழைக்காலத்தில் அந்தப் பாதைகளில் நுழையுமுன் டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் டயர் அகலமாகப் பரந்து, புதையாமல் போகும். தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்பக் காற்று பிடிக்க வேண்டும். பஞ்சர் கடையோ எங்கேயோ இருக்கும். போன வருடம் ஐப்பசியில் தொளதொளத்த டயரோடு தார் ரோட்டில் ஓட்டியதில் டயரின் பக்கவாட்டு கிழிந்து, ஓர் ஈற்றுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். கன்று வயிற்றுக்குள்ளேயே செத்திருந்தது. வீட்டுக்கு வந்து அழவெல்லாம் இல்லை.

"அண்ணே, காத்து வண்டியிலயே இருக்கணும். அடுத்த மழைக்குள்ள செஞ்சி குடு," என்றாள். அவ்வளவுதான்.

ஜீப் மேஸ்திரியிடம் போனேன். எதைப் பேசினாலும் சமையல்கட்டில் கொண்டுபோய் விடுகிற மனிதர். அதைக் கேட்பதற்காகவே நான் அங்கே கூடுதலாக அரை மணி நேரம் நிற்பதுண்டு.

"பழைய காரு ஏசி கம்ப்ரசரு ஒண்ணு கெடக்குது," என்றார். "இன்ஜின் பெல்ட்டு அத சுத்தும், அது காத்த இழுத்து அமுக்கும். லாரி பிரேக்குக்கு வெக்கிற சின்ன டேங்க்க சீட்டுக்கடியில வெச்சிடலாம். கட்டுச்சோறு மாரிங்க. எங்க பசிக்குதோ அங்க பிரிச்சித் துன்ன வேண்டியதுதான்."

கம்ப்ரசரை என் கையில் கொடுத்தார். "நீங்கதான் காத்து ஆளாச்சே. கழுவிக் கொண்டாந்துடுங்க."

வீட்டில் வைத்துத் திறந்தேன். உள்ளே பச்சையாக எண்ணெய் வழிந்தது. எனக்கு உடம்பு கூசியது. பெட்ரோல் ஊற்றி மூன்று தடவை அலசினேன். வெயிலில் காயவைத்து, கையால் சுற்றி, வருகிற காற்றில் பிஸ்கட் ஓட்டைப் பிடித்துப் பார்த்து, மறுபடியும் அலசினேன். சொட்டு எண்ணெய் இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஸ்திரி எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை. இருபது வருடம் காற்றோடு புழங்குகிறவனிடம் அதைக் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாராம், பிறகு சொன்னார்.

பெல்ட் மாட்டி, டேங்க் பொருத்தி, பிரஷர் ஏறினால் தானே நிற்கிற சுவிட்ச், அதற்கும் மீறினால் திறந்துகொள்கிற வால்வு, நீளமாக ஒரு ரப்பர் ஓஸ் எல்லாம் வைத்து முடித்தார். வீட்டு வாசலில் ஒரு டயருக்குக் காற்று அடித்தோம். நான் பிஸ்கட் ஓட்டைக் காற்றில் பிடித்துக் காட்டினேன். பால் வெள்ளை.

"பாரு, இதுல கிளேஸே அடிக்கலாம்."

"டயருக்குக் கிளேஸ் அடிக்கப் போறியாண்ணே?" என்றாள் தங்கை.

மழை பிடித்த பிறகு ஒரு விடுமுறை நாளில் அவளோடு நானும் போனேன். நான்கு டயரிலும் காற்றை இறக்கி, ஒரு கொல்லைக்குள் போய்க் காய்ச்சல் கண்ட மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுத் தார் ரோட்டுக்கு ஏறினோம். அப்போதுதான் போன் வந்தது. வேறு ஊரில் ஒரு தலையீற்றுக் கிடேரி, கன்று குறுக்கே கிடக்கிறது, இரண்டு மணி நேரமாக முக்குகிறது. தார் ரோட்டில் அரை மணி நேரப் பாதை.

நான் ஓஸை எடுத்தேன். முதல் டயர் நிரம்பியது. இரண்டாவதும் நிரம்பியது. மூன்றாவது பாதியில் இருக்கும்போது பானெட்டுக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு ரப்பர் கருகும் வாடை. சுவிட்சை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். கம்ப்ரசர் இறுகி நின்றிருந்தது.

தங்கை மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்றாள். பால் கேனோடு பைக்கில் வந்தவர் ஒருவர் நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் கேன்களை அவிழ்த்து என் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

"குந்துங்க டாக்டரம்மா, போவலாம். அண்ணே, பாலப் பாத்துக்குங்க. பூனைக்கி ஊத்திடாதீங்க."

அவர்கள் போன பிறகு நான்காவது டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினேன். மூன்றாவதை ஒன்றும் செய்ய முடியவில்லை. பால் கேன்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். போன வருடம் வீட்டுக்கு வந்து அவள் கை கழுவிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. வெகு நேரம் கழித்துப் போன் அடித்தது.

"கடேரிக் கன்னு. எழுந்து நிக்கிது," என்றாள். பிறகு, "பால் திரிஞ்சிடுச்சான்னு கேக்குறாரு."

மறுநாள் மேஸ்திரி கம்ப்ரசரைப் பிரித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "எண்ணெ தடவாம ஊத்துனா இட்லியே தட்டுல ஒட்டிக்குது. இது இரும்புங்க. உள்ள இருந்த எண்ணெய என்னா பண்ணீங்க?"

சொன்னேன். மேஸ்திரியின் பட்டறையில் இருந்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை டீ ஆறிக்கொண்டிருந்தது.

இன்னொரு கம்ப்ரசர் தேடிப் பிடித்து, நிறைய எண்ணெயோடு மாட்டினார். காற்றோடு வரும் எண்ணெயைப் பிடித்து நிறுத்த டேங்குக்கு முன்னால் ஒரு சின்னப் புட்டியும் உண்டு. அதையும் தாண்டிக் கொஞ்சம் வரத்தான் செய்கிறது. டயருக்கு அது ஒன்றும் செய்யாதாம்.

என் ஓடு இப்போது தங்கையின் ஜீப்பில் இருக்கிறது. மழை நாளில் கிளம்புமுன் ஓஸைத் திறந்து அதன்மேல் காற்றைப் பிடிக்கிறாள். மங்கலாக ஒரு புள்ளி விழுந்தால், "எண்ணெ இருக்குது, போயிட்டு வரேண்ணே," என்கிறாள். சீட்டுக்குப் பின்னால் காலால் மிதிக்கிற பம்பு ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறாள்.