பல்லுக் கடனும் ஆறிய தேநீரும்

எனக்கு ஒழுங்காக எழுத வராது, மறதியும் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள். 2009இல் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் வாடகைக்கு ஓர் அறை பார்த்திருந்தேன். ஏதோ தனியார் பல் வைத்தியசாலைக்கு நான் கட்டாத பாக்கி என் கடன் பதிவில் இருக்கிறதென்று ஏஜென்ட் அறை தர மறுத்துவிட்டார். நான் அந்த வாசலையே மிதித்ததில்லை. அங்குமிங்கும் அலைந்து களைத்துத்தான் தமிழர் ஆலோசனை நிலையத்தில் இருந்த மலேசியத் தமிழர் ஒருவரிடம் போனேன்.

ஒல்லியான மனிதர், கண்ணுக்குக் கீழே கருமை. தேநீரை ஊற்றிச் சாசரால் மூடி வைப்பார். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிடும், குடிக்கவே மாட்டார்.

"காசைக் கட்டிவிடுறன் தம்பி. இனி அலைய ஏலாது," என்று வைத்தியசாலை அனுப்பிய பில்லை நீட்டினேன், வழக்கம்போல வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

"கட்டாதீங்கம்மா. கட்டினா உங்க கடன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எதுக்கான பில்லுன்னு பார்த்தீங்களா? முன்பல் கட்டினதுக்கு. கையை எடுங்க, பார்ப்போம்."

எடுத்தேன். முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

"யாரோ உங்க பேர்ல பல்லு கட்டிக்கிட்டு நல்லாச் சிரிக்கிறாங்கம்மா!"

நானும் சிரித்துவிட்டேன், கையால் மறைக்காமல்.

'இது என் கடன் அல்ல, ஆதாரம் காட்டுங்கள்' என்று வைத்தியசாலைக்கு அவரே கடிதம் எழுதித் தந்தார். பிறகு பதில் வந்தது: என் பழைய விலாசத்தில் எனக்கு முன் இருந்த, என் பெயரே கொண்ட ஒருத்தியின் கடனாம். பதிவை நீக்கினார்கள், அறையும் கிடைத்தது.

அன்று அவரிடமிருந்து நான் எழும்பி வரும்போது அவருடைய தேநீரில் ஆடை படிந்திருந்தது. அதைக் குடித்தாரோ என்னவோ, இன்றும் தெரியாது.

கடன் விபரங்களில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். பல் விஷயம் மட்டும் சரி.