பெரிசும் சிறுசும் இறகு உதிர்த்த காலம்

மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் தம்பி ஒரு கூண்டோடு சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கடலூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். மேலே போட்டிருந்த துண்டை எடுத்ததும், உள்ளே இரண்டு குட்டிக் கிளிகள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு என்னைப் பார்த்தன.

"ரெண்டு வருசந்தான் க்கா. பாத்துக்கோ."

"எனக்கு க்ளாஸ் இருக்குடா. இதுங்க கத்துமே."

"கத்தாது. கொழந்தைங்க. மாமா, நீங்க சொல்லுங்க."

என் கணவர் அதற்குள் கம்பிக்குள் விரலை விட்டு ஒரு கடி வாங்கியிருந்தார். விரலை உதறிக்கொண்டே "இருக்கட்டும்" என்றார்.

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தராது. இவை கன்யூர் என்கிற வெளிநாட்டு இனம். பச்சை உடம்பு, சாம்பல் நெஞ்சு, வால் மட்டும் கருஞ்சிவப்பு. பறந்து போய்விடாமலிருக்க விற்றவரே இறக்கை நுனியைக் கத்தரித்துக் கொடுத்திருந்தார். செம்மங்குப்பத்துக் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை பார்த்தபோது, தனியாக இருந்த அறைக்குத் துணையாக இருக்கட்டுமென்று தம்பி வாங்கியவை. ஆணா பெண்ணா என்று அவனுக்கும் தெரியாது. உடம்பு கொஞ்சம் பருத்தது பெரிசு, மற்றது சிறுசு. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

நான் வீட்டிலிருந்தே எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன், ஆன்லைனில். கணவர் காலையிலேயே மினி பஸ் பிடித்துக் குமராட்சிப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார். பகல் முழுக்க வீட்டில் நானும் அவையும்தான்.

சிறுசு மல்லாந்து படுக்கும். பெரிசு மேலே ஏறி அதன் காலைக் கவ்வி இழுக்கும். அலகோடு அலகு பூட்டிக்கொண்டு உருளும். கூண்டே கிடுகிடுக்கும். யாரோ கழுத்தை நெரிப்பதுபோல ஒரு கூச்சல் வரும். நான் எழுந்து ஓடிப் பார்ப்பதற்குள் இரண்டும் ஒரே கிண்ணத்தில் தினை தின்றுகொண்டிருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் ஆரம்பிக்கும்.

"மிஸ், உங்க வூட்ல யாரோ சண்ட போடுறாங்க" என்றான் ஒரு பையன், பாடத்தின் நடுவில்.

"கிளிப்பா. நீ ஸ்டெப் சொல்லு."

அவன் சொன்னது என் காதில் ஏறவில்லை. காது கூண்டில் இருந்தது. ஒரு சமன்பாட்டை முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த பிறகுதான் அப்படி ஒன்று வைத்ததே நினைவுக்கு வந்தது.

ஆவணி வெயிலில் இறகுகள் கொட்ட ஆரம்பித்தன. முதலில் பூப்போன்ற சின்ன இறகுகள். பிறகு இறக்கையிலிருந்து நீள நீளமாக. கூண்டுக்கு அடியில் விரித்த பேப்பர் காலையில் பச்சையாகக் கிடந்தது. சிறுசின் தலையில் முள் முளைத்ததுபோல் வெள்ளை வெள்ளையாக ஏதோ குத்திட்டு நின்றது. பெரிசு அந்த இடத்தில்தான் அலகை வைக்கும். சிறுசு அலறும், திருப்பிக் கடிக்கும். பெரிசுதான் இதைப் பிய்த்துப் போடுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பெரிசுக்கும் இறகு உதிர்ந்திருக்கத்தான் வேண்டும். என் கண்ணில் பட்டது சிறுசு மட்டும்.

தம்பிக்குப் போன் போட்டால் போகவில்லை. வேலை நடக்கும் இடத்தில் சிக்னல் கிடைக்காது என்று முன்பே சொல்லியிருந்தான். நானே கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு கூண்டு வாங்கி வந்து, சிறுசை அடுப்படிப் பக்கம் வைத்தேன். மறுநாள்தான் அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அதுங்க வெளயாடுதுங்க க்கா. பிரிச்சிடாத."

"நீ அங்க ஒக்காந்துகினு சொல்லுவ. இங்க வந்து பாரு" என்று நானும் குரலிலேயே பதில் அனுப்பினேன்.

அதன் பிறகு வீட்டில் நிம்மதி என்பதே இல்லை. ஹாலிலிருந்து ஒன்று கத்தும், அடுப்படியிலிருந்து மற்றது பதில் கத்தும். ஒரு பிள்ளையின் அம்மா போன் செய்து, "சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு மிஸ், பாடம் கேக்கவே முடியலியாம்" என்றார். சிறுசு தினையைத் தொடவில்லை. கம்பியைப் பிடித்தபடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் என்று நடந்துகொண்டே இருந்தது. நானும் ஹாலுக்கும் அடுப்படிக்குமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு காலை, கணவர் கிளம்பிப் போன பிறகு, அடுப்படியில் படபடவென்று சத்தம். கம்பியில் மோதி மோதி சிறுசு இறக்கையில் அடிபட்டுக்கொண்டுவிட்டது. புதிதாக முளைத்த ஓர் இறகின் அடியிலிருந்து ரத்தம் சொட்டியது. துணியை வைத்து அழுத்தினால் நிற்கும், எடுத்தால் வரும். உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் மணிக்கட்டு வரை தெரிந்தது. அன்றைய வகுப்பு இல்லை என்று பிள்ளைகளுக்குத் தகவல் போட்டுவிட்டு, செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு அதை உள்ளே வைத்துக் கடலூர் பஸ் ஏறினேன். பறவை பார்க்கும் டாக்டர் அங்கேதான் இருப்பதாக யாரோ சொன்ன நினைவு.

புதுச்சத்திரம் தாண்டும்வரை டப்பாவுக்குள் நகம் கீறும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. திறந்து பார்க்கப் பயம். செம்மங்குப்பம் வந்ததும் அந்தக் கெமிக்கல் கம்பெனிகளின் நெடி ஜன்னல் வழியாக ஏறியது. முந்தானையால் டப்பாவை மூடினேன். இந்தக் காற்றுதான் இறகைக் கொட்ட வைத்ததோ என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படியென்றால் இதே காற்றில் இத்தனை வருடம் கிடந்த தம்பிக்கு? அவனுக்கு இருமல் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

அந்த டாக்டரம்மா ஒடிந்த இறகுக் குருத்தை இடுக்கியால் ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தார். சிறுசு போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த ஒரு நாய் குரைத்தது.

"ஒண்ணும் ஆகாது. மோல்ட்டிங் இது, மொத தடவ. பழைய றெக்க விழும், புதுசு வரும். வர்ற குருத்துக்குள்ள ரத்தம் ஓடும். அடிபட்டா இப்படித்தான். கூட இன்னொண்ணு இருக்கா?"

"இருக்கு டாக்டர். அதுதான் இதப் பிடுங்குது. பிரிச்சி வச்சிட்டேன்."

அவர் சிறுசின் தலைமேல் மெல்ல ஊதினார். இறகுகள் விலகித் தோல் தெரிந்தது. "பிடுங்கியிருந்தா காயம் இருக்கணுமே. எங்க இருக்கு?"

நான் குனிந்து பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"புதுசா வர்ற றெக்கமேல ஒற மாதிரி ஒண்ணு இருக்கும். ஒடம்புல இருக்கறத அதுவே கொத்தி எடுத்துக்கும். தலையில அதுக்கு அலகு எட்டாது. இன்னொண்ணுதான் எடுத்து விடணும். கொஞ்சம் அழுத்திட்டா வலிக்கும், கடிக்கும். சேத்து வைங்க. இந்த வயசுல வெளயாட்டு முரட்டுத்தனமாத்தான் இருக்கும். ரத்தம் வந்தா மட்டும் பிரிங்க."

அன்று சாயங்காலம் கணவர் வந்த பிறகு சிறுசைப் பெரிசின் கூண்டில் விட்டோம். விட்ட நொடியில் இரண்டும் கட்டிப் புரண்டன. கணவர் பதறிக் கையை உள்ளே விட, இரண்டுமே சேர்ந்து அவரைக் கடித்தன. பிறகு சிறுசு தலையைக் குனிந்து பெரிசின் முன்னால் நீட்டியது. பெரிசு ஒவ்வொரு முள்ளாக அலகு நுனியில் உருட்டி நசுக்க, பொடிப்பொடியாக உறை உதிர்ந்தது. நடுவில் ஒரு தரம் வலித்திருக்க வேண்டும், கீச்சென்று ஒரு கடி. மறுபடியும் தலையைக் குனிந்தது. நான் நின்றுகொண்டே பார்த்தேன்.

ஐப்பசிக்குள் புது இறகுகள் நிறைந்துவிட்டன. விற்றவர் வெட்டியிருந்த இறகுகள் விழுந்து முழு இறகாக முளைத்திருக்கின்றன, இனி இவை பறக்கும் என்பது மட்டும் எங்கள் இருவர் புத்தியிலும் ஏறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல் ஹாலில் திறந்து விட்டிருந்தோம். பெரிசு துரத்த, சிறுசு எம்பியது. எம்பினது இறங்கவில்லை. மின்விசிறியை ஒரு சுற்றுச் சுற்றி, பால்கனி வழியாக வெளியே போய்விட்டது.

எதிர் வீட்டுத் தென்னையில் ஒரு தரம் தெரிந்தது. இரண்டு காக்கைகள் துரத்த, அங்கிருந்தும் கிளம்பியது. கணவர் தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே அலைந்தார். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் பெரிசு கத்திய கத்தலுக்கு நிற்க முடியாமல், அதைக் கூண்டில் போட்டு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். அங்கே போனதும் இன்னும் உரக்கக் கத்தியது. இத்தனை மாதம் எந்தச் சத்தம் அடங்காதா என்று ஏங்கினேனோ, அன்று அது நின்றுவிடக் கூடாதே என்று இருந்தது. கத்து, கத்து என்று நானும் வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

முதல் தூறல் விழும்போது எங்கிருந்தோ ஒரு சின்னக் குரல் பதில் கொடுத்தது. பிறகு தண்ணீர்த் தொட்டிமேல் சிறுசு. அங்கிருந்து கைப்பிடிச் சுவர். அங்கிருந்து கூண்டின் மேல். கம்பி வழியாகப் பெரிசின் காலைக் கவ்வி இழுத்தது. இரண்டாவது முயற்சியில்தான் அதைப் பிடித்தேன்.

அந்த வாரம் தம்பியோடு வீடியோவில் பேசும்போது சொன்னேன்.

"றெக்கைய வெட்டிடு க்கா. ஒரு நிமிச வேல."

"வெட்ட மாட்டேன்டா."

"திரும்பப் போயிட்டா?"

"பால்கனியில வலை அடிச்சிருக்கோம். மாமாவே அடிச்சாரு."

அவன் முகம் கறுத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. இருமுகிறானா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். இருமவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்று பிறகு சொன்னான். வரும்போது கிளிகளைத் தன்னோடு கூட்டிப்போக ஒரு வீடு பார்க்க வேண்டுமாம்.

"பாக்கலாம்டா" என்றேன். கொடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.