அச்சில் வராத குறிப்புகள்

செய்தி வந்தபோது மணி இரண்டு பத்து. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சுழல் இயந்திரம் நிற்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. இருபத்து நான்கு பேருடைய ரத்தம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தக் கூடாது. அவள் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்க, கேக்குது" என்றாள்.

"அண்ணி, உடனே டிப்போவுக்கு வாங்க. இல்ல, டிப்போ வேணாம், ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

பேசியவர் கண்ணாடி. வண்டி எடுக்கும் முன் பேருந்தின் முன்கண்ணாடியைத் தானே மூன்று முறை துடைப்பார் என்பதால் டிப்போவில் அவருக்கு அந்தப் பெயர்.

"என்ன ஆச்சு?"

"அண்ணன் மாடிப்படியில உட்கார்ந்தாரு. கொஞ்சம் மூச்சு வாங்குது, உட்கார்ந்துட்டு வர்றேன்னாரு. அப்புறம் எந்திரிக்கல அண்ணி."

இயந்திரம் நின்றது. அவள் குழாய்களை வரிசை மாறாமல் எடுத்துத் தாங்கியில் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். அந்த நான்கு நிமிடத்தை அவள் இன்றுவரை தனக்கு மன்னிக்கவில்லை. அவள் மன்னிக்காதவர்களின் பட்டியல் அப்படித் தன்னிலிருந்தே தொடங்கியது. ஆனால் தன்னோடு நிற்கவில்லை.

அவள் கணவர் பேருந்து டிப்போவில் டூட்டி சார்ட் போடுபவர். நூற்று நாற்பத்து மூன்று டிரைவர்கள்; யாருக்கு எந்த வண்டி, எந்த வழி, எத்தனை மணிக்கு, யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று ஒவ்வொரு வாரமும் கட்டம் கட்டமாக நிரப்பி, சனிக்கிழமை அச்செடுத்துப் பலகையில் ஒட்டுவார். தேர்வு முடிவு பார்க்கும் பிள்ளைகளைப் போல டிரைவர்கள் அதன்முன் முண்டியடிப்பார்கள். பத்தொன்பது வருடம். எல்லோருக்கும் அவர் சார்ட் சார். நெருங்கியவர்களுக்கு அண்ணன்.

அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் இன்னொரு சார்ட் இருந்தது. ஒரு டிரைவர் தனியாக வந்து, கதவைச் சாத்திவிட்டு ஏதாவது சொன்னால், அதை அவர் அந்த டிரைவரின் கட்டத்தில் சிறு குறிப்பாகச் சேர்த்துவிடுவார். கட்டத்தின் மூலையில் கடுகளவு சிவப்பு தெரியும். மவுஸை அதன்மேல் கொண்டுபோனால்தான் குறிப்பு விரியும். அச்செடுத்தால் வராது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பலகையில் ஒட்டும் தாளில் யாருடைய வீட்டு விஷயமும் தொங்கக் கூடாது.

டிப்போவில் பழைய மடிக்கணினிகள் கறுப்பு. இரண்டு மாதத்துக்கு முன் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றினார்கள். வேறு கம்பெனி, வேறு இயங்குதளம், வெள்ளி நிறம். "உலகமே மாறிடுச்சு, நாம மட்டும் அப்படியே இருக்கலாமா?" என்று மேலாளர் கூட்டத்தில் கேட்டாராம். உலகத்தின் சார்பில் யாரும் பதில் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு வரும்போதே வெடித்துக்கொண்டு வருவார்.

"மூடுற பட்டன் இத்தனை வருஷமா வலது பக்கம் இருந்துச்சு. இப்போ இடது பக்கமாம். இதுல எவனுக்கு என்ன லாபம்?"

"கை பழகிடும்ங்க."

"கை பழகும். ஆனா மூடினா மூடணுமில்ல? கீழ ஒரு புள்ளி வச்சுக்கிட்டு உள்ள ஓடிக்கிட்டே இருக்கு. வேலை செய்யாத மாதிரி நடிக்குது."

"உங்க மேனேஜருக்கு நேர் எதிர்னு சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, சிரிக்கவைத்ததற்காக அவளையும் சேர்த்து முறைத்தார். நகலெடுக்கக் கன்ட்ரோலை அழுத்தினால் அது கல் மாதிரி இருந்தது. பக்கத்திலிருந்த வேறொரு விசையை அழுத்த வேண்டுமாம். முன்பக்கமாக அழிக்கும் விசையே இல்லை. திறப்பதற்கு விரலைக் கேட்டது. டீசலும் கிரீஸும் தொட்ட தாள்களைப் புரட்டிப் புரட்டித் தேய்ந்த விரல் அது. ஐந்து முறை வைத்தால் ஒரு முறை ஒப்புக்கொண்டது. "என் ஆபீஸ்ல என்னையே யாருன்னு கேக்குது" என்றார்.

இதெல்லாம் எரிச்சல். வயிற்றெரிச்சல் அதற்குப் பிறகு வந்தது.

புதிய கம்பெனியின் கணினிக்காரர் வந்து பழைய கோப்புகளைப் புதியதற்கு மாற்றினார். "ஒரு கட்டம்கூட விடாம வந்திருக்கு சார். செக் பண்ணிட்டு கையெழுத்துப் போடுங்க" என்றார். இவர் எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவார். பழைய கறுப்பிலிருந்து பதினோரு தாள், புதிய வெள்ளியிலிருந்து பதினோரு தாள் அச்செடுத்தார். இரண்டு நாள் அடிக்கோலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். ஒரு எண்கூட மாறவில்லை. கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் ஒருவருடைய குறிப்பைப் பார்க்க மவுஸைக் கொண்டுபோனபோது சிவப்பு மூலை இல்லை. பக்கத்துக் கட்டத்திலும் இல்லை. எங்கேயும் இல்லை.

பத்தொன்பது வருடம் அச்சில் வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்ததை, அச்செடுத்து வைத்துச் சரிபார்த்திருக்கிறார்.

கணினிக்காரர் தோளைக் குலுக்கினார். "கமென்ட்ஸா? அதையெல்லாம் யாரும் யூஸ் பண்றதில்ல சார். அதான் சேர்க்கல."

"யாரும்னா யாரு? நான் யாருமில்லையா?"

மேலாளரிடம் போனார். அவர் தாளை எடுத்துக் காட்டினார். "நீங்கதானே சரிபார்த்தேன்னு எழுதியிருக்கீங்க?"

அன்று மாலை அவர் கறுப்பைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே திருட்டு. அதன்பின் வாரச் சார்ட்டை வீட்டில், கறுப்பில், குறிப்புகளைப் பார்த்துப் போடுவார். மறுநாள் டிப்போவில் அதையே வெள்ளியில் முதலிலிருந்து தட்டுவார். ஒரே வேலை, இரண்டு முறை. ஏழு வாரம். எட்டாவது வாரம் புதன்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்தார்.

ரத்தக்குழாய் அடைப்பு பல வருடத்துப் பழசு என்றார் மருத்துவர். கணினி மாற்றியதால் யாருக்கும் இதயம் நிற்பதில்லை. அவள் ரத்தம் பார்த்துப் பிழைப்பவள். அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்ததால் கோபம் கடுகளவும் குறையவில்லை.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரின் விளிம்பைத் துடைத்தபடியே இருந்தார்.

"என்ன விஷயம்? தம்ளர் பளபளன்னுதான் இருக்கு. சொல்லுங்க."

"புதுசா ஒருத்தர் சார்ட் போட்டிருக்காரு அண்ணி. செவ்வாய்க்கிழமை எனக்கு ராத்தங்கல் வண்டி, வெளியூர்ல படுத்துட்டு மறுநாள்தான் திரும்ப முடியும்."

"சரி?"

"வீட்டுக்காரிக்கு செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மூணு வருஷமா. சாயங்காலம் நான்தான் போய் கூட்டிட்டு வரணும். வேற யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிட்டா, எல்லாரும் பாவம்னு பார்ப்பாங்களாம். அண்ணன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். எழுதி வச்சுக்கறேன், நீ மறந்துடுன்னாரு. நிஜமாவே மறந்துட்டேன். மூணு வருஷம் நான் ஒருதரம்கூட வாயைத் திறந்து கேக்கலை அண்ணி."

அவள் போய்க் கறுப்பை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் திறந்தாள். அது விரலும் கேட்கவில்லை, முகமும் கேட்கவில்லை. கண்ணாடியின் கட்டத்தில் மவுஸை வைத்தாள். மஞ்சள் பெட்டி விரிந்தது.

'செவ்வாய், வெள்ளி பகல் வண்டி மட்டும். இவரைக் கேட்க வைக்காதே.'

கண்ணாடி அதை இரண்டு முறை படித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இனிமே கேட்டுத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் போனபின் அவள் மற்றக் கட்டங்களையும் பார்த்தாள். 'மாமனார் ஊர் வழி வேண்டாம் என்கிறார். காரணம் கேட்கவில்லை.' 'இவரையும் டிரைவர் எண் பதினேழையும் ஒரே நேரத்தில் ஓய்வறையில் விடாதே. நிலத் தகராறு.' 'லீவு கேட்டால் பாதிதான் பொய்.' 'குடியை விட்டு நாற்பது நாள். கடைசி வண்டி கொடுக்காதே, கடை இருக்கும் தெருவில் நிற்கும்.' அவள் மடிக்கணினியை மூடினாள். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதில் ஒன்றைக்கூட அவர் அவளிடம் சொன்னதில்லை. அதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை மாலை மேலாளர் கணினிக்காரரையும் அழைத்துக்கொண்டு வந்தார். வருத்தமெல்லாம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இது வேறு வருகை.

"பழைய லேப்டாப் ஒண்ணு கணக்குல குறையுது. சாரோட மேசையில இல்ல."

"இங்கதான் இருக்கு."

மேலாளருக்கு மூச்சு வந்தது. "நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை பழசெல்லாம் கம்பெனி எடுத்துட்டுப் போய் சுத்தமா அழிச்சிடும். டிரைவருங்க ஆளுக்கு ஒரு புகாரோட வர்றாங்க. சார் ஏதோ குறிப்பெல்லாம் வச்சிருந்தாராமே?"

"வச்சிருந்தார். உங்ககிட்ட வந்து சொன்னார். நீங்க கையெழுத்தைக் காட்டினீங்க."

மேலாளர் சுவரில் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். கணினிக்காரர் குறுக்கே புகுந்தார். "அஞ்சு நிமிஷ வேலை மேடம். எல்லாத்தையும் எடுத்து புது சிஸ்டத்துல குறிப்புன்னு தனியா ஒரு வரிசை போட்டு வச்சிடறேன்."

"அன்னைக்கு வராதது இன்னைக்கு அஞ்சு நிமிஷத்துல வருமா?"

"அன்னைக்கு யாரும் கேக்கலையே."

"கேக்காம இருந்தாரா அவர்?" அவள் குரல் பக்கத்து வீடுவரை போயிருக்கும். போகட்டும். "சரி, அந்த வரிசையை யாரெல்லாம் பார்க்கலாம்?"

"லாகின் இருக்கிற எல்லாரும். எல்லாம் வெளிப்படையா இருக்கணும்னுதானே மேடம் இந்த சிஸ்டமே."

"உங்க வீட்டுல யாருக்கு என்ன வியாதின்னு டிப்போ பலகையில ஒட்டட்டுமா? வெளிப்படையா இருக்கும்."

கணினிக்காரர் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், அது ஆபீஸ் சொத்து" என்றார் மேலாளர்.

"லேப்டாப் ஆபீஸ் சொத்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க, தர்றேன். அதுல இருக்கிறது அவரை நம்பிக் கதவைச் சாத்திட்டுச் சொன்ன விஷயம். உங்களை நம்பி யாராவது கதவைச் சாத்தட்டும். அப்புறம் நீங்க எழுதிக்கோங்க."

மறுநாள் காலை கண்ணாடிக்குப் போன் செய்தாள். முதல் நாளே அவர் மேலாளர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, மூன்று வருடத்தையும் மூன்று வாக்கியத்தில் சொல்லி, ராத்தங்கலை மாற்றி வாங்கியிருந்தார். "அதுக்கு வண்டி ஓட்டுறதே தேவலை அண்ணி" என்றார்.

"எல்லாரையும் வரச் சொல்லுங்க. அவங்கவங்க குறிப்பை அவங்கவங்க வந்து பார்க்கட்டும். புது ஆள்கிட்ட எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு அவங்களே முடிவு பண்ணிக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

பரிசோதனைக் கூடத்தில் நான்கு நாள் விடுப்புச் சொன்னாள். டிரைவர்கள் வந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டுச் சீருடையோடு, ஓய்வு நாளில் கட்டம் போட்ட சட்டையோடு, வாசலில் செருப்புகள் குவியக் குவிய. ஒருவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. திரையில் மற்ற வரிகளைச் செய்தித்தாளை மடித்து மறைத்துவிட்டு ஒரு கட்டத்தை மட்டும் காட்டுவாள். படித்ததும் அதைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, குறிப்பை அழித்துவிடுவாள்.

ஒருவர் தன் சீட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "பாதிதான் பொய்யா! எந்தப் பாதின்னு எழுதலையா அண்ணி? எனக்கே தெரியணும்."

மாமனார் ஊர்க்காரர் நெடுநேரம் திரையைப் பார்த்தார். "நிஜமாவே காரணம் கேக்கலை அண்ணி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். குறிப்பே இல்லாத ஒரு டிரைவர் முகம் வாடிப்போனார். "எனக்கு ஒண்ணுமே எழுதலையா?" என்று கேட்டார். "உங்களால அவருக்குத் தொல்லையே இல்லன்னு அர்த்தம்" என்றாள். அவர் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார்.

வெளியே ஒருவர் கணினிக்காரரின் வம்சத்தையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். அவள் போய்த் தடுக்கவில்லை. கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மேலாளரின் கார் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவள் கடைசிக் குறிப்பைப் படித்து, அழித்து, சார்ஜர் வயரைச் சுருட்டி, கறுப்பை வாசலுக்கு எடுத்துப் போனாள். மேலாளர் அதைத் திறக்கவில்லை. தலைகீழாகப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த எண் சரிதானா என்று மட்டும் பார்த்தார்.

"டேட்டா எல்லாம் அப்படியே இருக்கில்ல மேடம்?"

"அச்சுல வர்றதெல்லாம் இருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். சாத்திய வேகத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

வெளியூர் வண்டியிலும் நீண்ட விடுப்பிலும் இருந்ததால் ஐந்து பேர் வரவில்லை. அவர்களுடைய சீட்டுகள் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடியின் அடியில் இருக்கின்றன. நான்கில் எழுதியாகிவிட்டது. ஐந்தாவதில் டிரைவர் எண் எழுபத்தாறு என்று மட்டும் இருக்கிறது. குறிப்பு ஒரே வரிதான், அவளுக்கு மனப்பாடம். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் எழுதியது எதுவும் அவளிடம் மிஞ்சாது. அதை அவள் இன்னும் எழுதவில்லை.