மூன்று முறை எடுத்த வாழ்த்து

காமயகவுண்டன்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை மேடைக்கு வந்துவிட்டார். நேரலை ஓடிக்கொண்டிருந்ததால் கேமராவை விட்டு நான் நகர முடியாது. அப்போதுதான் ஜெபராஜ் அண்ணன் போனில் கூப்பிட்டார். "தம்பி, ஒங்க எஸ்தரக்கா போயிட்டாப்பா" என்றார். மேளச் சத்தத்தில் எனக்கு விளங்கவில்லை. "எங்கன போயிருக்காக?" என்று கேட்டுத் தொலைத்தேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதரை இரண்டாவது தடவையும் சொல்ல வைத்தேன். தாலி கட்டி முடியும்வரை கேமராவுக்குப் பின்னாலேயே நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எஸ்தரக்காவும் நானும் சின்னமனூரில் ஒரே ஸ்டுடியோவில் பதினோரு வருடம் வேலை பார்த்தோம். நான் படம் பிடிப்பேன், அவர் எடிட் செய்வார். இதைப் படிக்கிற பலர் வீட்டுக் கல்யாண வீடியோ அவர் கைபட்டுத்தான் வெளியே போனது. நேரலையில் படம் சாம்பல் பூத்துத் தெரிந்தால் வெளிநாட்டுச் சொந்தங்களிடமிருந்து போன் மேல் போன் வரும். கேமரா நிறத்தை ஓர் அளவில் அனுப்பும், கம்ப்யூட்டர் வேறு அளவில் வாங்கும், கறுப்பெல்லாம் வெளுத்துவிடும். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டு கிடப்பேன். அக்கா செட்டிங்கில் ஒரே ஒரு இடத்தை மாற்றுவார். முகூர்த்தப் புடவை பளிச்சென்று வந்துவிடும். "ஏலே, மொதல்ல தலமுடியப் பாரு. கறுப்பு கறுப்பா இருந்தாப் போதும், மத்ததெல்லாம் தன்னால வந்துரும்" என்பார்.

உத்தமபாளையத்துக்காரர் ஒருவர் மகளின் கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, "புள்ளையக் கொஞ்சம் செவப்பாக் காட்டுங்கம்மா" என்று கெஞ்சினார். "ஏங்கய்யா, மாப்ள நேர்ல பாத்துத்தான கட்டுனாக? இனிமே யார ஏமாத்தப் போறீக?" என்று கேட்டார் அக்கா. மனிதர் முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

அக்காவின் மகள் பிரின்ஸி மஸ்கட்டில் இருக்கிறாள். அவள் பிறந்தநாள் வந்த சமயம் நான் ஸ்டுடியோப் பக்கமே போகாமல் வெளியூர்க் கல்யாணங்களில் அலைந்துகொண்டிருந்தேன். அக்கா தன் போனில் அவளுக்கு ஒரு வாழ்த்துப் பேசி, பார்த்துச் சொல்லும்படி முதலில் எனக்கு அனுப்பினார். முகம் வெளிறிக் கிடந்தது. "என்னக்கா, ஒங்களுக்கே இப்படியா? செட்டிங்கப் பாருங்க" என்று கிண்டல் செய்தேன். மாற்றி எடுத்து அனுப்பினார். அப்படியேதான் இருந்தது. "சன்னல் பக்கம் உக்காந்து எடுங்க" என்றேன். மூன்றாவதும் வந்தது. அதில் மூச்சு வாங்க வாங்கப் பேசியிருந்தார். பிறகு போன் செய்து, "எனக்கே புடிபடலப்பா. போனு சரியாத்தான் இருக்கு" என்றார். "விடுங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி, நானே நிறத்தை ஏற்றிப் பிரின்ஸிக்கு அனுப்பினேன். நன்றாக வந்திருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாளில் அக்காவைத் தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் ரத்தம் வெகுநாளாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட அவர் தாங்கவில்லை. அந்த வீடியோவைப் பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்திருந்தால், "என்ன எஸ்தரு, ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டிருப்பார். நான் செட்டிங்கைக் கேட்டேன். அக்காவும் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைத்தான் சோதித்தார். என் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அடக்கத்துக்குப் பிரின்ஸி வந்து சேர்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, வீடியோவுல அம்மா நல்லாத்தான இருந்தாக? அதப் பாத்துட்டுத்தான் அடுத்த மாசம் வரலாம்னு இருந்துட்டேன்" என்று அழுதாள். "ஆமாம்மா" என்றேன். நிறம் ஏற்றியதை ஜெபராஜ் அண்ணனிடமும் இன்றுவரை சொல்லவில்லை.

அம்மாடி பிரின்ஸி, உன் போனில் இருப்பது நான் நிறமேற்றிய முகம். உன் அம்மா எடுத்த மூன்றும் கை வைக்காமல் என்னிடம் இருக்கின்றன. அக்காவின் நினைவாக நான் வைத்திருப்பது அவ்வளவுதான். எப்போது கேட்டாலும் தந்துவிடுவேன். நீ கேட்காமலே இருந்துவிட வேண்டும் என்றும் மனசு அடித்துக்கொள்கிறது.