கொலுசு சாக்ஸ் கற்கப் போன இடத்தில்

மற்றவர்கள் கோயிலும் அருவியும் பார்க்கப் பயணம் போவார்கள். நான், யாராவது புதிதாக ஒரு பின்னல் போடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் பஸ் ஏறிவிடுவேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சுங்குவார்சத்திரத்துக்குப் போனதும் அப்படித்தான். போன காரியம் ஒன்று, நடந்தது வேறு. ஜெசிந்தாவே எழுதச் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைனில் வேலை. அங்கே கொலுசு, மெட்டி, மோதிரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. கேட்டிலேயே பீப் அடித்துவிடும். வெறுங்காலாக இருக்கப் பிடிக்காத ஜெசிந்தா, கணுக்காலைச் சுற்றிக் கண்ணாடி மணி வைத்து, பக்கத்தில் ஒரு சின்னப் பூவும் தைத்து சாக்ஸ் பின்னியிருக்கிறாள். கண்ணாடிக்கு பீப் அடிக்காது. ஹாஸ்டல் முழுக்க அதற்குக் ‘கொலுசு சாக்ஸ்’ என்று பெயர். ஒரு தோழி மூலமாகப் படம் எனக்கு வந்தது, நான் போன் செய்தேன். “செவ்வாக்கெழம எனக்கு செகண்ட் ஷிப்டுக்கா, காலைல வாங்க, சொல்லித் தாரேன்” என்றாள்.

பூந்தமல்லியில் காலை எட்டு மணிக்கு பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் வரை நின்றுகொண்டுதான் போனேன். இந்த ரோட்டில் ஜன்னலோரம் கிடைத்தாலும் பார்க்க கன்டெய்னர் லாரிகளின் பின்பக்கம்தான் இருக்கிறது. ஒன்பதே காலுக்கு இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. வரச்சொல்லிவிட்டுத் தூங்குகிறாளா என்று எரிச்சல் வந்தது.

ஹாஸ்டல் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். இடத்தைச் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“நீ இன்னாம்மா, அந்தப் பொண்ணுக்குச் சொந்தமா?”

“எந்தப் பொண்ணு?”

“நேத்து காலைல கம்பெனி வண்டி ஏற ரோட்ட கிராஸ் பண்ணச்சொல்ல லாரி அட்சிட்சே, அந்தப் பொண்ணு. அந்த ஹாஸ்டல்தான். பாடி இன்னும் வர்ல.”

பெயரைக் கேட்டேன். ரோஸ்லின் என்றார். ஜெசிந்தா இல்லை என்றதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதற்கப்புறம்தான் வெட்கம் வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன், ஆனால் ஆட்டோ ஹாஸ்டல் வாசலுக்கே வந்துவிட்டது.

மாடி அறையில் ஆறு கட்டில்கள். தரையில் உட்கார்ந்து ஜெசிந்தா பின்னிக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வயது இருக்கும். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள், ஊசி கையை விடவில்லை.

“மன்னிச்சுக்கிடுங்கக்கா, போன எடுக்க முடியல. இது ரோஸ்லினுக்கு. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம்லா, அதுக்குன்னு ஆரம்பிச்சது.”

வெள்ளை நூல், முத்து நிறத்தில் மணி. மாதா கோயிலில் வெள்ளைச் சேலை, வெள்ளை சாக்ஸ், அதற்குமேல் கொலுசு தெரிய வேண்டும் என்று ரோஸ்லின் கேட்டிருக்கிறாள். ஒரு கால் முடிந்திருந்தது. இன்னொன்று விரலிலிருந்து ஆரம்பித்துக் கணுக்கால் வரை வந்திருந்தது. மணியும் பூவும் பாக்கி.

“எங்க பக்கம் செத்தவங்களுக்கு சாக்ஸ் போட்டுத்தான்க்கா பெட்டில வைப்பாவ. கடைல வாங்குனத அவளுக்குப் போடவிட மாட்டேன். வண்டி வாரதுக்குள்ள முடிக்கணும்.”

வார்டன் அம்மா படியிலிருந்தே குரல் கொடுத்தார். “ஜெசி, ஆஸ்பத்திரில எல்லாம் முட்ச்சுட்டாங்களாம். ஆம்புலன்ஸ் இங்க வந்து, அந்தப் பொண்ணு துணிப் பெட்டிய எத்துகினு அப்டியே ஊருக்குப் போவுதாம்.”

நான் பையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இந்தப் பின்னலில் மணியை நடுவில் செருக முடியாது; முன்னாலேயே நூலில் கோத்துவிட்டு, பின்னும்போது ஒவ்வொன்றாக ஊசிக்குத் தள்ள வேண்டும். அவள் நூலை வெட்டிக் கொடுத்தாள், நான் கோத்தேன். ஒருவர் பின்னியதை இன்னொருவர் தொடர்ந்தால் இறுக்கம் மாறி, கண்ணில் உறுத்தும். அதனால் ஊசியை நான் கேட்கவில்லை. மற்றப் பெண்கள் கட்டில்களில் உட்கார்ந்து எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிக்க வந்த பாடத்தை இப்படிப் படிப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

கணுக்காலில் மணி வரிசை வந்துவிட்டது. விளிம்பை முடித்து, முதல் சாக்ஸை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து இரண்டாவதில் பூ தைத்தாள். கடைசி இதழுக்கு நூலை இழுக்கும்போது கீழே ஹாரன் கேட்டது.

வண்டியில் ரோஸ்லினின் அப்பா இருந்தார். தோளில் துண்டு, கடல்வேலை செய்த கறுத்த கைகள். பெண்கள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். உடம்பை வெள்ளைத் துணியால் முழுக்கச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முகம் மட்டும்தான் தெரிந்தது. ஜெசிந்தா சாக்ஸோடு ஏறி, கால்மாட்டில் முடிச்சைத் தொட்டாள்.

“கட்ட அவுக்காதம்மா” என்றார் வண்டி டிரைவர். “ஊர்ல போய்ப் பாத்துக்கட்டும்.”

அப்பா தலையாட்டினார். “அவ அம்மை போட்டுவிடுவா. இப்பிடி மேல வையி தாயி.”

ஜெசிந்தா இரண்டையும் கால் இருக்கும் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் பார்த்தோம். பூ கணுக்காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். ஒரு காலுக்கு இடப்பக்கம் என்றால் மறுகாலுக்கு வலப்பக்கம். முதல் சாக்ஸைப் பார்த்து அப்படியே தைத்ததில் இரண்டு பூவும் ஒரே பக்கம் வந்துவிட்டன. இரண்டும் இடது கால் சாக்ஸ். சாக்ஸ் பின்னுகிற எல்லோரும் அவசரத்தில் ஒருமுறையாவது செய்கிற தப்பு இது. முப்பது வருஷமாகப் பின்னுகிறவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எனக்கும் தெரியவில்லை.

“அப்பா, ஒண்ண குடுங்கப்பா. பூவப் பிரிச்சு மாத்தித் தச்சுத் தாரேன். இந்தா வந்துருதேன்” என்று ஜெசிந்தா கெஞ்சினாள்.

வண்டி டிரைவர், “ராத்திரிக்குள்ள போவணும்மா” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை.

அப்பா சாக்ஸ் இரண்டையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “இருக்கட்டும் தாயி. சின்னதுல எம்புள்ள செருப்ப எப்பவும் கால் மாத்தித்தான் மாட்டும். நாந்தான் அடிச்சு அடிச்சுத் திருத்துனேன்.”

அதுவரை நான் அழவில்லை.

வண்டி போன பிறகு ஜெசிந்தா முகம் கழுவி யூனிபார்ம் மாட்டினாள். இன்றைக்குமா வேலை என்று கேட்டுவிட்டேன். “அவ கல்யாணத்துக்குன்னு எழுதிக் குடுத்த லீவு அடுத்த மாசம்லாக்கா இருக்கு. இன்னைக்குக் கெடையாதுன்னுட்டாவ” என்றாள். மெயின் ரோடு வரை சேர்ந்தே நடந்தோம். கம்பெனி வண்டி எதிர்ப்பக்கம்தான் வரும். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைக் கடந்தாள். பேன்ட் விளிம்புக்குக் கீழே அவளுடைய சாக்ஸில் நீல மணி தெரிந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பூந்தமல்லியிலிருந்து காலை ஏழரைக்கு முன்னால் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். பஸ் ஸ்டாப் பக்கத்தில் சாப்பாடு எண்பது ரூபாய், பரவாயில்லை. சுங்குவார்சத்திரத்தில் எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் சிக்னல் வரை நடந்து போங்கள். பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ் வரும். தடுப்பில் இடைவெளி இருக்கிறது, எல்லோரும் அதில்தான் குறுக்கே ஓடுகிறார்கள். அங்கே ஓடாதீர்கள்.

கொலுசு சாக்ஸின் செய்முறையைப் படங்களோடு போடுவதாக முன்பே சொல்லியிருந்தேன். நான் ஒரு படமும் எடுக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பூ தைக்கும் முன் இரண்டையும் உங்கள் காலிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடக்கம் முடிந்த அன்று மாலை ஜெசிந்தா போன் செய்தாள். ரோஸ்லினின் அம்மா சாக்ஸைப் போட்டுவிட்டார்களா என்று கேட்டேன்.

“போட்டுட்டாவளாம்க்கா. பூவ யாரும் ஒண்ணும் சொல்லலியாம்.” பிறகு சொன்னாள்: “அளவு சரியா இருந்துச்சாம்.”