மருந்து இல்லை என்று சொன்னது நான்தான்

லீவில் நெய்வேலிக்கு வரும்போதெல்லாம் எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா தவறாமல் கேட்பார். "அங்கல்லாம் புள்ளைங்க எலும்பும் தோலுமா இருக்குமாமே, எப்டிம்மா பாத்துகினு இருக்க?"

பார்த்துக்கொண்டு இருக்க எங்கே நேரம்? ஆப்பிரிக்காவில் மழை பொய்த்த ஒரு நாட்டில், பசியால் நோயில் விழுந்த குழந்தைகளுக்கான முகாமில் நான் நர்ஸ். விடிந்ததும் தொடங்கும் வரிசை மதியம் தாண்டியும் நீளும். அழுகையெல்லாம் குளிக்கும்போதுதான். அதனால் அக்காவுக்கு நான் சொல்வது ஒரே ஒரு கதை. அதில் முட்டாள் நான்தான்.

அப்பா நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட். காய்ச்சல் என்றால் கம்பெனி ஆஸ்பத்திரியில் சீட்டு, சீட்டைக் காட்டினால் மாத்திரை என்று வளர்ந்தவள் நான். மருந்துக்கு வழியில்லாத வீட்டை முதலில் பார்த்தது அங்கே போய்த்தான். அப்படி வீடு பக்கத்து ஊரான வடக்குத்திலேயே இருந்திருக்கும், எனக்குத்தான் கண் இல்லை.

அங்கே ஒரு தாய், இரண்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் கையைச் சுற்றி அளக்கும் நாடா சிவப்பைக் காட்டியது, உயிருக்கே ஆபத்து என்று அர்த்தம். அவனுக்கு நாங்கள் தருவது பாக்கெட்டில் அடைத்த சத்து விழுது. வேர்க்கடலையில் செய்தது, பிரித்தால் வடலூர் பஸ் ஸ்டாண்ட் கடலைமிட்டாய் வாசம் அடிக்கும். ஏதோ விபரீதமான மருந்து என்று அவள் பயந்தாள். மருந்தை மருந்து என்று சொல்லாமல் ஊட்டுவது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. என் அம்மா வாழைப்பழத்துக்குள் மாத்திரையை ஒளித்து வைப்பாள். நானும் அதே வித்தையைக் காட்டினேன். மருந்தெல்லாம் இல்லை, தின்பண்டம்தான் என்று மொழிபெயர்க்கும் பெண்ணிடம் சொல்லச் சொன்னேன். தாயின் முகம் தெளிந்தது. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் காலி பாக்கெட்டுகளை ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்தாள். எடை ஏறவில்லை. அதற்கடுத்த வாரம் இறங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் பையன் பிழைக்க மாட்டான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சந்தையில் விற்றுவிட்டு, காலி உறையைப் பொறுக்கிக் கொண்டுவருகிறாளோ? வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. நிதானமாகச் சொன்னாள். மொழிபெயர்க்கும் பெண் என் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னாள்.

"நீதானே தின்பண்டம்னு சொன்ன? எனக்கு மூணு பிள்ளை. ஒருத்தன் திங்க, மத்த ரெண்டும் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

எங்கள் குவார்ட்டர்ஸிலும் மிட்டாய் என்றால் தம்பிக்குப் பாதி, எனக்குப் பாதிதான். டானிக்கை யாரும் பங்கு போட்டதில்லை.

திட்டியது எல்லோர் முன்னால், ஆகவே மன்னிப்பும் எல்லோர் முன்னால்தான் கேட்டேன். இது மருந்து, இவனுக்கு மட்டுமான மருந்து, தப்பாகச் சொன்னது நான் என்றேன். பிறகு முகாம் பொறுப்பாளரிடம் போய் மல்லுக்கு நின்று, மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் மாவும் பருப்பும் வாங்கிக் கொடுத்தேன்.

மறுவாரம் தராசில் தொங்கும் துணித் தொட்டிலில் அவனைப் போட்டோம். முள் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் ஏறி நின்றது. பையனுக்கு வீலென்று கத்தத் தெம்பு வந்திருந்தது. தாய் தராசைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

மூத்தவளும் அன்று கூட வந்திருந்தாள். ஆறு வயது இருக்கும், அவளும் ஒல்லிதான். தம்பியின் பாக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கும் கொஞ்சம் கொடேன் என்று விளையாட்டாகக் கை நீட்டினேன். சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு என்னை முறைத்து ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்கும் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இது மருந்து. உனக்குத்தான் உடம்புக்கு ஒண்ணும் இல்லையே."